கத்தரித்த அட்டை

ஷட்டரைப் பாதிக்கு உயர்த்தும்போதே
குனிந்து ஒரு கை உள்ளே வருகிறது.
"ரெண்டு தாங்க."
எது என்று கேட்பதில்லை.
சம்மாந்துறையில் எண்ணைச் சொன்னால் போதும்,
பெயர் பனடோல்.

கத்தரிக்கோலால் அட்டையை நறுக்குகிறேன்.
முடியும் திகதி ஒருவரோடு போகிறது
பெயரின் முன்பாதி இன்னொருவரோடு.
கடைசியாக வந்தவருக்கு
வெறும் "மோல்".
அதுவே போதும், காய்ச்சல் இறங்கும்.

இறங்கத்தான் செய்கிறது, பொய் சொல்லமாட்டேன்.
கடைவாய்ப் பல்லைப் பிடித்தபடி
விடியும்வரை முற்றத்தில் நடந்த ரிஸ்மியா டீச்சர்
எட்டு மணிக்கு இடாப்புக் கூப்பிட்டாள்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு கணக்குப் பேப்பர் எழுதிய பிள்ளை
பெறுபேறு வந்த அன்று
எனக்கு ஒரு கை நிறைய டொபி தந்தாள்.
எனக்கும்தான்:
தலையின் ஒரு பக்கத்தில்
ஃபேன் சத்தம் ஆணி அடிக்கும் நாளில்
இரண்டு குளிசை, ஒரு பிளேன்ரீ, அரை மணித்தியாலம்.
பிறகு ஆட்கள் பேசுவது
பேச்சாகக் கேட்கும்.
இந்த விலைக்கு இவ்வளவு இரக்கம்
வேறு எந்தக் கடையில்?

உதுமாலெவ்வை காக்கா
வேளாண்மை வெட்டு முடிந்து மில் ஓடத் தொடங்கினால்
மாலை தவறாமல் வருவார்.
தோளில் உமி, புருவத்தில் உமி.
"அந்தச் சிவப்பத் தாங்க புள்ள,
பனடோல் எனக்குத் தண்ணி."
சாப்பிட்டீங்களா?
"பகல் ஒரு பணிஸ்."
சாப்பிட்டுட்டுப் போடுங்க என்றேன்,
மீதிக் காசை எண்ணிக்கொடுக்கும் அதே குரலில்.

நாலைந்து கிழமை.
பிறகு காணவில்லை.
மில் பூட்டிவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

வந்தது அவர் மனைவி, கதீசத்தும்மா.
ஷொப்பிங் பையை மேசையில் கவிழ்த்தார்.
சேட்டுப் பொக்கட், தலையணை உறை,
சைக்கிள் சீட்டுக்கு அடி,
எங்கெங்கோ பொறுக்கிய அட்டைத் துண்டுகள்
மீன் செதில்போல் மினுங்கின.
எல்லாம் நான் நறுக்கியவை.
"வெளிக்குப் போறது தார் மாதிரி கறுப்பு.
அம்பாறைக்கு அனுப்பிட்டாங்க, ரத்தம் ஏத்துறாங்க.
என்ன குளிசை போட்டாரெண்டு டொக்டர் கேக்கிறார்.
இதுல பேர் எங்க மகள் இரிக்கி?"

இருபத்தேழு துண்டுகளைப் புரட்டினேன்.
ஒன்றில் "புரோ".
ஒன்றில் விலையின் வால்.
மற்றவை வெறும் வெள்ளி.

பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து
முழுப்பெயரை எழுதினேன்,
எத்தனை மில்லிகிராம், நாளுக்கு எத்தனை.
கை நடுங்கியதால் இரண்டு முறை எழுதினேன்.
அவர் என்னை ஏசவில்லை.
தாளை முந்தானையில் முடிந்துகொண்டு
"எவ்வளவு?" என்றார்.
அதற்கும் காசு கேட்பேன் என்று நினைத்தார்.

இப்போதும் நறுக்குகிறேன்.
முழு அட்டை வாங்க எல்லாரிடமும் காசில்லை.
ஆனால் காகித உறையில் போட்டு
மேலே நீலப் பேனையால் பெயர்.
வரிசை நீள்கிறது, முதலாளி தொண்டையைச் செருமுகிறார்.
தடிமன் குளிசைக்குள்ளும் பனடோல்தான்,
சட்டை மட்டும் வேறு,
ரெண்டையும் சேர்த்துப் போடாதீங்க என்கிறேன்.
மழை தொடங்கி நுளம்பு பெருகினால்
காய்ச்சலுக்குச் சிவப்புத் தரமாட்டேன்.
நேற்று ஒரு பொடியன்
"நீங்க என்ன டொக்டரா?" என்று
மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு
அடுத்த கடைக்குப் போனான்.
அங்கே கொடுத்திருப்பார்கள்.

காக்கா வந்துவிட்டார், மெலிந்து.
மூட்டை தூக்குவதில்லை, தராசடியில் துண்டெழுதுகிறார்.
முதுகு அப்படியேதான் வலிக்கிறதாம்.
கடையைக் கடக்கும்போது கையை உயர்த்துகிறார்.
உள்ளே வருவதில்லை.

மஃரிப் பாங்கு கேட்கிறது.
நாளெல்லாம் நறுக்கிய மணிக்கட்டில் ஒரு குத்து,
தலையின் அந்தப் பக்கத்தில் ஆணி.
இன்று எத்தனை என்று விரலில் எண்ணுகிறேன்.
ஆறு.
கடைசி இரண்டும் அஸருக்குப் பிறகு.
லாச்சியை மூடிவிட்டு
வலியோடு ஷட்டரை இழுக்கிறேன்.